வெறுங்குடத்தோடு வழிமறித்த மதினிக்கு

சண்டை போடவும் சமாதானமாகவும் எனக்கென்று இருந்த ஆரோக்கியம் மதினிக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அண்ணன் நன்றாகத்தான் இருக்கிறார். உங்கள் சமையலில் பழகிய நாக்கு என்பதால் நான் எதை ஆக்கிப் போட்டாலும் ருசியாக இருக்கிறது என்கிறார். கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்குக் குழம்பு வைக்க வராது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் நீங்கள்தானே?

கொடைக்கானலில் சீசன் தொடங்கிவிட்டது. கீழேயிருந்து கார் காராக வந்து குவிகிறது. நேற்றுச் சாயங்காலம் நம் மேட்டுத்தெரு வளைவில் ஒரு கார் வந்து நின்றது. உள்ளே நாலைந்து வாலிபர்கள், காது கிழிகிற பாட்டு. குடித்து முடித்த பாட்டிலைக் குழாயடிச் சுவரில் எறிந்து உடைத்துவிட்டுக் கைதட்டிச் சிரித்தார்கள். நான் முந்தானையைச் செருகிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் டாக்ஸி ஸ்டாண்டிலிருந்து ஒருவர் வந்து காருக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"தம்பிகளா, இது புள்ளைங்க நடக்குற ரோடு. எறங்கி ஒரு சில்லு விடாமப் பொறுக்கிட்டுப் போங்க."

குரலை உயர்த்தவே இல்லை. பையன்கள் முறைத்துப் பார்த்தார்கள். பிறகு இறங்கிப் பொறுக்கினார்கள். சொன்னது யார் தெரியுமா? நம் டிரைவர் பாண்டி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

இந்தப் பாண்டி எழுபதுகளின் கடைசியில் எப்படி இருந்தான் என்று இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அவனுக்கும் அவனோடு ஜீப் ஓட்டிய மற்ற பையன்களுக்கும் நம் தெரு ஒரு பந்தய மைதானம். வட்டக்கானல் பக்கம் ஒரு கூட்டத்தை இறக்கிவிட்டு, அடுத்த கூட்டத்தைப் பிடிக்கப் பறந்து வருவார்கள். பெட்ரோல் விலை ஏறியதும் இன்னொரு கெட்ட பழக்கமும் சேர்ந்துகொண்டது. மேட்டு முனையிலேயே என்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, சரிவில் வண்டியைச் சும்மா உருளவிட்டார்கள். பனி இறங்கிய நேரத்தில் அப்படி வருகிற வண்டி கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது.

சவாரி இல்லாத நேரத்தில் குழாயடிதான் அவர்களுக்குக் கொட்டகை. சீட்டாட்டம், குடி, தண்ணீர் பிடிக்கப் போகிற பெண்களைப் பார்த்து ஒரு பாட்டு, ஒரு ஹாரன். வயசுப் பிள்ளைகளைக் குழாய்க்கு அனுப்புவதையே தெரு நிறுத்திவிட்டது. ஆண்கள் கேட்டால் கைகலப்பு. கேட்காவிட்டால் அவர்கள் ராஜ்ஜியம்.

என் ஸ்டெல்லா அப்போது சின்ன வகுப்பு; அவள் அப்பா தவறிய பிறகு நானும் அவளும் உங்கள் வீட்டோடு இருந்தோம். பள்ளிக்கூடம் விட்டு வந்தவளை அந்த வளைவில் ஒரு ஜீப் தட்டிவிட்டுப் போனது. நிற்கக்கூட இல்லை. தொடை எலும்பு முறிந்து, கட்டுப் போட்டு, பிள்ளை படுக்கையில் கிடந்தாள். பாண்டி ஓட்டிய ஜீப் என்பது தெருவுக்கே தெரியும். போலீஸ் வந்து கேட்டபோது மட்டும் எல்லோருடைய கண்ணையும் பனி மறைத்துவிட்டது. யாரைக் குறை சொல்வது? வீட்டுக்கு ஒருத்தன் அந்த ஸ்டாண்டை நம்பித்தான் பிழைத்துக்கொண்டிருந்தான்.

கட்டைப் பிரித்த பிறகும் அவள் வாசலைத் தாண்டவில்லை. வண்டிச் சத்தம் கேட்டால் என் சேலையைப் பிடித்துக்கொள்வாள். சத்தம் கேட்காவிட்டால் இன்னும் பயப்படுவாள். நான் முடிவு கட்டிவிட்டேன். வத்தலக்குண்டில் மாமியார் வீட்டில் கொண்டுபோய் விட்டு, அங்கேயே படிக்க வைத்துவிடுவது என்று. துணிமணியை டிரங்குப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து பெட்டியை மூடி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டீர்கள்.

"புள்ளைய எதுக்குடி ஊரவிட்டு அனுப்புற? ரோடு என்ன அவனுங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"

"நாம என்னத்தப் பண்ண முடியும் மதினி? போலீசே போயிட்டாங்க."

"இந்த மாசம் முடியட்டும் பிலோ. அதுக்குள்ள ரோடு சரியாகலைன்னா நானே பெட்டியத் தூக்கிட்டு வந்து பஸ் ஏத்தி விடுறேன்."

அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது மதினி? ஐந்தடி உயரம்கூட இல்லாத உங்களுக்கு?

பழனி அடிவாரத்தில் ஜட்கா ஓட்டியவரின் மகள் நீங்கள். காலையில் சவாரிக்குப் புறப்படும்போது வெறுங்குடம் எதிரே வந்தால் உங்கள் அப்பா குதிரையை அவிழ்த்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்துவிடுவாராம். ஜட்கா ஓட்டினாலும் ஜீப் ஓட்டினாலும் வண்டிக்காரன் ஒரே ரகம்தான் என்பது உங்கள் எண்ணம். நம் டிரைவர்களும் லேசுப்பட்டவர்களா? முன்கண்ணாடியில் முருகன், பக்கத்தில் மாதா, முகப்பில் எலுமிச்சம்பழம் என்று எல்லாப் பக்கமும் காவல் வைத்துக்கொண்டு ஓட்டியவர்கள். மனிதர்களுக்கு மட்டும்தான் பயப்படவில்லை.

மறுநாள் வெள்ளனே, முதல் பஸ்ஸில் வருகிறவர்களைப் பிடிக்கப் பாண்டி ஜீப்பைக் கிளப்பினான். நீங்கள் இடுப்பில் வெறுங்குடத்தை வைத்துக்கொண்டு ஆற அமர ரோட்டைக் கடந்தீர்கள். அவன் பிரேக் போட்டுவிட்டு இறங்கினான். டீ குடித்தான். மறுபடி கிளப்பினான். என்னைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டீர்கள். என் குடமும் வெறுங்குடம்.

"ஏ அக்கா, வெள்ளனே போணிக்குப் போறப்ப வெறுங்குடத்தோட எதுக்க வாறீங்களே, நல்லாருக்கா?" என்று கத்தினான்.

"தண்ணி பிடிக்கப் போறவ பின்ன குடம் நெறயத் தண்ணியோடயா போவா? போப்பா, உன் சோலியப் பாரு" என்றீர்கள் நீங்கள்.

அவன் மறுபடி என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான். மூன்றாம் நாள் எதிர்வீட்டுப் பாக்கியம் வந்து சேர்ந்துகொண்டாள். அப்புறம் கீழ்வீட்டுப் பெண்கள். மெதுவாக ஹாரன் அடித்து வருகிற டிரைவர் வந்தால் "அவர போக விடுங்கடி" என்று ஓரமாக நிற்கச் சொல்வீர்கள். உருளவிட்டு வருகிறவன், குழாயடியில் பாட்டுப் பாடியவன் என்று ஆளைப் பார்த்துத்தான் குடம் நடந்தது.

விஷயம் கோயில்வரைக்கும் போயிற்று. பூசை முடிந்து வெளியே வரும்போது பாதர் உங்களை நிறுத்தினார். "ஆரோக்கியம், சகுனம் பார்க்கிறது பாவம்னு தெரியாதா?"

"நான் எங்க பாதர் பாத்தேன்? அவனுங்கதான் பாக்குறானுங்க."

பாதர் சட்டென்று அங்கிப் பைக்குள் எதையோ தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

எனக்கும் ஒரு உறுத்தல் இருந்தது. ஒருவனுடைய பயத்தை வைத்து விளையாடுவது சரியா என்று உங்களிடம் கேட்டேன். நீங்கள் சேலை மடித்துக்கொண்டிருந்தீர்கள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நம்ம புள்ளைங்க தெனம் பயந்துக்கிட்டுத்தான் நடக்குதுங்க. அவனுங்களும் கொஞ்ச நாளு பயப்படட்டும். அப்பத்தான் பயம்னா என்னன்னு தெரியும்" என்றீர்கள். இன்றைக்கும் அது சரியா தப்பா என்று எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அதைவிட நல்ல வழி ஒன்றை எனக்கு யாரும் காட்டவும் இல்லை.

அப்புறம்தான் அவர்கள் அந்த மடத்தனத்தைச் செய்தார்கள். குழாய் இருப்பதால்தானே குடத்தோடு வருகிறார்கள் என்று யாரோ ஒரு மேதாவி யோசித்திருக்கிறான். ஒருநாள் விடிந்து போய்ப் பார்த்தால் குழாயைக் கல்லால் அடித்து நசுக்கிப் போட்டிருந்தார்கள். பாக்கியம் மண்ணை வாரித் தூற்றினாள். எனக்கு அழுகை வந்தது. நீங்கள் மட்டும் சிரித்தீர்கள் மதினி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அங்கே கிடந்த கல்மேல் உட்கார்ந்து சிரித்தீர்கள்.

எனக்குப் பிறகுதான் உறைத்தது. குழாய் போனால் தண்ணீருக்கு மேல்தொட்டிக்குப் போக வேண்டும். மேல்தொட்டிக்குப் போக டாக்ஸி ஸ்டாண்டைத் தாண்டாமல் வழியே கிடையாது. அதுவரை பத்துப் பெண்கள் வேண்டுமென்றே குடம் தூக்கினார்கள். இப்போது தெருவே வேறு வழியில்லாமல் தூக்கியது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அவர்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் வெறுங்குடம். சிலர் ஏரிப்பக்கம் போய் நின்று பார்த்தார்கள். அந்த ஸ்டாண்டுக்காரர்கள் விரட்டிவிட்டார்கள்.

கடைசியில் பாண்டியின் பெண்சாதியே வந்தாள். நம் தெருவின் கடைசி வீட்டுக்காரிதானே அவள்? இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். இரண்டும் காலி. நேராகப் புருஷனுடைய ஜீப்புக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நீயுமாடி?" என்றான் பாண்டி.

"நீங்க ஒடச்ச கொழாதான? ஒல வைக்கத் தண்ணியில்லாமக் கெடக்கு. நான் எங்க போக?"

ஸ்டாண்டே சிரித்தது. சிரிக்காதவன் பாண்டி ஒருத்தன்தான். மறுநாள் அவர்களே ஆள் கூட்டி வந்து புதுக் குழாய் போட்டார்கள். சாயங்காலம் கும்பலாக நம் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். நீங்கள் பெரிய பேச்செல்லாம் பேசவில்லை. என்ஜினை அணைத்து உருளவிடக் கூடாது. வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும். குழாயடியில் பாட்டிலும் சீட்டும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

போகத் திரும்பிய பாண்டியை நிறுத்தினீர்கள். "உனக்கு இன்னொன்னு இருக்குலே. நாளையிலேருந்து எங்க ஸ்டெல்லாவப் பள்ளிக்கூடத்துல நீதான் விடணும்."

"ஜீப்புலயா அக்கா?"

"நடந்து."

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! என் பிள்ளையை அவன் கையிலா? உங்களோடு அன்றிரவு நான் பேசவில்லை. ஸ்டெல்லாவிடம் மட்டும் ஏதோ சொன்னீர்கள். என்ன சொன்னீர்கள் என்று அவள் இன்றுவரை சொன்னதில்லை. மறுநாள் அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

நான் தூரத்திலேயே அவர்கள் பின்னால் போனேன். நல்ல பனி. பாண்டி அவள் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவளோடு ஒட்டாமலும் விலகாமலும் நடந்தான். வளைவில் திரும்பும்போது பின்னால் ஒரு வண்டி சத்தமே இல்லாமல் உருண்டு வந்துவிட்டது. தலையாட்டிவிட்டுப் போனவர்களில் ஒருத்தன்தான். பாண்டி பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு ரோட்டோர ஓடைக்குள் குதித்தான். அப்புறம் முட்டியெல்லாம் ரத்தத்தோடு மேலே ஏறி வந்து, அந்த டிரைவரின் சட்டையைப் பிடித்து உலுக்கினான். திட்ட வாயைத் திறந்தவன் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதான்.

ஸ்டெல்லாதான் அவன் தோளைத் தட்டி, "எந்திரிங்க மாமா, பெல்லடிச்சிருவாங்க" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் பெட்டியிலிருந்து துணியை எடுத்துக் கொடியில் போட்டேன். நீங்கள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனீர்கள். "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காகவே உங்களை எனக்கு எவ்வளவு பிடித்தது தெரியுமா மதினி? நாத்தனாரிடம் ஜெயித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க எந்த மதினியால் முடியும்?

அதன் பிறகு எல்லாம் சொர்க்கமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். புதுப் பையன்கள் வருவார்கள், பழையபடி துள்ளுவார்கள். ஆனால் அவர்களைத் தட்டிக் கேட்க ஸ்டாண்டிலேயே ஆள் இருந்தது. நெஞ்சுவலி முற்றி நீங்கள் போன அன்றைக்குக் கல்லறைவரை வண்டிகள் எல்லாம் உங்கள் பின்னால் வந்தன. ஒரு ஹாரன் கிடையாது. ஒரு வண்டி இன்னொன்றை முந்தவில்லை.

இனி, எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டெல்லா டைப்ரைட்டிங் முடித்துவிட்டாள். இப்போது கார் ஓட்டப் பழக வேண்டும் என்கிறாள். குளிர் கூடினால் இன்னும் காலைத் தாங்கித் தாங்கி நடக்கிற பெண், இந்தச் சரிவில், இந்த வளைவில். சொல்லிக் கொடுக்கப் போவது யார் தெரியுமா? பாண்டியேதான். அண்ணன் அன்றைக்கே சரி என்று சொல்லிவிட்டார். நான் முடியவே முடியாது என்று நின்றேன். அழுதேன். சாப்பிடாமல்கூடக் கிடந்து பார்த்தேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மா, எனக்குப் பயமில்லைன்னு யாரு சொன்னா? பயமாத்தான் இருக்கு. அதுக்காக எவ்வளவு நாளைக்கு ஓரமாவே நடக்குறது?" என்று கேட்டாள்.

பெற்றது நான். பேச்சு உங்களுடையது. நான் என்ன செய்ய?

நாளைக் காலை அவள் முதல் தடவை ஸ்டியரிங்கைப் பிடிக்கிறாள். நான் பின்சீட்டில் உட்காரப் போகிறேன். வளைவு வரும்போது "மெதுவா" என்று சொல்ல மாட்டேன். பாண்டியின் தோளைப் பிடித்து உலுக்க மாட்டேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, என் பிள்ளை ஓட்டுகிற வண்டியில், நம் தெருவைப் பார்த்துக்கொண்டே வருவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு மதினி.

வாயாடியே ஆனாலும் உங்களிடம் மட்டும் தோற்கப் பிடித்த,
உங்கள் நாத்தனார்
பிலோமினா