கட்டண நலவிசாரிப்பு

மார்ச் 4, செவ்வாய்
தபால் துறை நவீனமாகிறதாம். பணம் கட்டியவர் சொல்லும் வீட்டில் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் உட்கார்ந்து நலம் விசாரிக்க வேண்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோருக்காகக் கட்டுவார்கள் என்கிறார் போஸ்ட்மாஸ்டர். சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா – கேள்விகளைக் கையிலிருக்கும் கருவி காட்டும், நான் கேட்க வேண்டும். இத்தனை வருஷம் வீடு வீடாகக் கடிதம் போட்டவளுக்கு இது ஒன்றுதான் பாக்கி.

மார்ச் 11
கால் வலி போய் இப்போது வாய் வலி.

மார்ச் 18


கருவியில் வந்த புது முகவரி அப்பாவுடையது! வெளிநாட்டிலிருந்து தம்பிதான் கட்டியிருப்பான், என் மூக்கை உடைக்கவே செய்திருக்கிறான் என்று கறுவிக்கொண்டே போனேன். நான் என்ன அப்பாவைக் கவனிக்காதவளா? தினமும் அந்தத் தெருவில்தான் தபால் போடுகிறேன். வண்டியை விட்டு இறங்காமலே "நல்லா இருக்கீங்களாப்பா?" என்று கத்துவேன். அவரும் கையை ஆட்டுவார்.

இன்று அப்பா நல்ல சட்டை போட்டு, எனக்கு நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார்.

"தம்பி இல்லம்மா, நான்தான் கட்டினேன். ஆபீஸ் வேலைன்னா நீ உட்காருவியே."

கருவியைப் பார்த்துக் கேட்டேன், சமீபத்தில் விழுந்தீர்களா என்று.

"விழுந்தேன். பாத்ரூம்ல. ரெண்டு தடவை."

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"இப்பதானேம்மா கேட்ட."

ஐயோ, தினமும்தானே கேட்டேன்! கேட்டேனா?

மார்ச் 19
சந்தாவை ரத்து செய்யச் சொல்லி போஸ்ட்மாஸ்டரிடம் போனேன். கட்டியவர் சொன்னால்தான் ரத்தாம். அதோடு, சொந்தக்காரர் வீட்டுக்கு நானே போகக்கூடாதாம், விதி. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அப்பாவின் முறை இனி ஒல்லிக்கு. அவனும் என்னைப் போலத் தபால்காரன்தான், அடுத்த தெருக்கள் அவனுடையவை.

மார்ச் 30, ஞாயிறு
ரத்து பண்ணிடுங்கப்பா, நானே வாராவாரம் வர்றேன் என்றேன். "நீயும் வா, அவனும் வரட்டும்" என்கிறார்.

ஏப்ரல் 20, ஞாயிறு
வண்டியை நிறுத்தி, உள்ளே போய், நிதானமாக உட்கார்ந்தேன்.

"மறுபடி விழுந்தீங்களாப்பா?"

"அதெல்லாம் ஒல்லிகிட்ட சொல்லிட்டேம்மா. நல்லா காது கொடுத்துக் கேக்குறான். ஒண்ணையே எத்தனை தடவ சொல்றது?"

டிவியைப் போட்டுவிட்டார்.

ஏப்ரல் 21
காலையிலேயே ஒல்லியைப் பிடித்தேன். அப்பா என்னடா சொன்னார்?

அவன் நெளிந்தான். "கஸ்டமர் விஷயம்க்கா, வெளிய சொல்லக்கூடாது. பிள்ளைங்களுக்கு ரிப்போர்ட் வேணும்னா அதுக்குத் தனி சந்தா இருக்கு."

எங்கள் கவுண்டரிலேயே வரிசையில் நின்று கட்டினேன்.