ஒரே படத்தில் இரண்டு அண்ணி

என் அருமை காதர் அண்ணா,

உங்கள் படங்கள் புத்தகமாகிவிட்டன. இதைப் போடச் சொன்ன கும்மிடிப்பூண்டி கம்பெனியின் வரவேற்பறையில் விரித்து வைத்தால் ஒரு மேசை போதவில்லை, இன்னொன்றைச் சேர்த்துப் போட்டோம். காலண்டர் போல மேல் விளிம்பில் பைண்டிங். ஒரு தாளைத் தூக்கிப் புரட்ட ஆளுக்கொரு முனையில் இரண்டு பேர் நிற்க வேண்டும். "இம்மாம் பெருசா எதுக்குமா?" என்று பைண்டிங்காரர் அலுத்துக்கொண்டார். பழவேற்காடு ஏரியைச் சின்னதாகக் காட்ட எனக்குத் தெரியாது என்றேன். பொன்னேரி ஸ்டூடியோவில் உங்களோடு கல்யாண ஆல்பம் போட்டுப் போட்டு வந்த திமிர்தான்.

மடிப்பு யார் முகத்திலும் விழக்கூடாது என்பது நம் ஆல்பப் பழக்கம் இல்லையா? இங்கேயும் விடவில்லை. தாளின் இரண்டு ஓரமும் கதவு போல வெளியே திறக்கும். மடிப்பு வெறும் தண்ணீரில்தான் விழும். ஒரு படகுகூட உடையவில்லை, அண்ணா.

சிக்கல் கடைசிப் படத்தில் வந்தது. ஞாபகம் இருக்கிறதா? ஏரி முழுவதையும் ஒரே நீளப் படமாக எடுக்க, கரையில் நின்று கேமராவை இடமிருந்து வலமாக மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தீர்கள். சாப்பாட்டுக் கூடையோடு இடப்பக்கம் நின்ற சபீனா அண்ணி, தன் வேலை முடிந்தது என்று நினைத்து, உங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்து வலப்பக்கம் போய் நின்றுவிட்டார். படத்தின் இரண்டு கோடியிலும் அண்ணி! தலையில் கை வைத்துக்கொண்டீர்கள். இன்னொரு நாள் எடுக்கலாம் என்றீர்கள். அந்த இன்னொரு நாள்தான் உங்களுக்குக் கிடைக்கவில்லை.

மாதிரிப் பிரதியைக் கொண்டுபோனதும் கம்பெனி மேனேஜர் பிடித்துக்கொண்டார். "இன்னாமா இது, ஒரே அம்மா ரெண்டு வாட்டி நிக்கிறாங்க? வர்றவங்க சிரிப்பாங்க. ஒண்ண அழிச்சிடு. இல்லன்னா இந்தப் படமே வேணாம்."

அழிப்பது எனக்கு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. மாட்டேன் என்றேன். படத்தில் இருப்பவரைக் கேட்காமல் கை வைக்க மாட்டேன் என்று சொல்லி, அண்ணியை வரவழைத்தேன்.

பழவேற்காட்டிலிருந்து பஸ் ஏறி வந்தார். நானும் அவரும் ஆளுக்கொரு ஓரத்தைத் திறந்தோம். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து பார்த்தார், திரும்பவும் நடந்தார். அதுவரை இருந்த என் தைரியமெல்லாம் அப்போது ஆட்டம் கண்டது. அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடு என்று சொல்லிவிட்டால்? அவர் சொன்னால் எடுத்துத்தானே ஆக வேண்டும்?

அண்ணி மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"இதுல எத சார் அழிக்கறது? ரெண்டு எடத்துலயும் நான் அவரத்தான பாத்துக்கினு கீறேன்."

மேனேஜர் மறுபடி குனிந்து படத்தைப் பார்த்தார். "அப்படியே பிரிண்ட் போட்டுடுமா" என்றார்.

உங்கள் புத்தகத்தில் நீங்கள் மட்டும் இல்லையே என்று ஏங்கிக்கொண்டிருந்தேன், அண்ணா. இனி அந்த ஏக்கம் எனக்கு இல்லை.

இந்தப் புத்தகம் எத்தனை முறை அச்சேறினாலும், எவ்வளவு பெரிய இடத்துக்குப் போனாலும், இரண்டு அண்ணியும் அதில் இருப்பார்கள். அதற்கு நான் பொறுப்பு.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
ஆரணி கோமதி