மஞ்சள் துணி கட்டிய புல்

1979 மார்ச் 4, ஞாயிறு
காலையிலிருந்து பனி. கொழுந்துக் கூடைக்கு வார் தைக்க வேண்டும். தைக்கவில்லை. கொல்லையில் என் புல் பூத்துவிட்டது!

போன வருடம் ரிங்லெட் டவுனுக்குப் போகிற வழியில், ஓடைக்கரையில் வேரோடு பெயர்த்து வந்த துடைப்பப் புல். இப்போது என் தலைக்கு மேல் உயரம். கருஞ்சிவப்புக் கதிர், காற்றுக்கு ஆடுகிறது. என் வீட்டுக்காரருக்குக் கேலி. "ஊரே மொளகா நடுது. நீ தொடப்பத்த நட்டுருக்க லா."

மாலை: குருவி ஒரு ஜோடி. பழுப்பு, முதுகில் மட்டும் வெள்ளை. கதிரைப் பிய்த்துக்கொண்டு தூருக்குள்ளேயே போகின்றன. கூடா?

மார்ச் 14, புதன்
கூடுதான்! பந்து போல, பக்கத்தில் வாசல். உள்ளே ஐந்து முட்டை. தொடவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, இவரிடம்கூட. இவர் வாயில் அவல் நனையாது.

அரிசி தீர்ந்தது. மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

மார்ச் 21, புதன்
சனிக்கிழமை தோட்டத் துரை லயத்து வீடுகளைப் பார்க்க வருகிறாராம். லயத்துக்குப் பின்னால் ஒரு புல் நிற்கக் கூடாதாம், நாளையே வெட்டு. கங்காணியிடம் கெஞ்சிப் பார்த்தேன். "தேயில இல்லாததெல்லாம் களதான், போம்மா."

ஒரே ஒரு வழி தெரிகிறது. பாவமோ என்னவோ.

மார்ச் 22, வியாழன்
செய்துவிட்டேன். விடியுமுன் தூரைச் சுற்றி மஞ்சள் துணி. அடியில் ஒரு கல், மூன்று பொட்டுக் குங்குமம்.

வெட்டுகிற ஆட்கள் பாராங் கத்தியோடு வந்தார்கள். துணியைப் பார்த்தார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டு சுற்றிலும் வெட்டிவிட்டுப் போனார்கள்! சமையற்கட்டில் நின்று தனியாகச் சிரித்தேன். பயமாகவும் இருந்தது.

மார்ச் 23, வெள்ளி
பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா, பின்னால் மூன்று பெண்கள், தட்டில் சூடம். காய்ந்த கதிருக்கு ஒரு முழத் தூரத்தில் சூடம்! குறுக்கே போய் நின்றேன். இந்த அம்மனுக்கு நெருப்பு ஆகாது, பூ போதும் என்று ஒரு போடு போட்டேன். நம்பிவிட்டார்கள். பொய்க்கு மேல் பொய்.

மார்ச் 24, சனி
துரை நின்று பார்த்தார். இது என்ன என்றார். கங்காணி கைகட்டிச் சொன்னார், "கோயில், தொரை." தலையாட்டிவிட்டு நடந்தார். தப்பித்தோம்!

மார்ச் 28, புதன்
பொரித்துவிட்டன! ஐந்தும். கண் திறக்கவில்லை, வாய் மட்டும் திறக்கிறது. கொழுந்து பறிக்கையிலும் அதே நினைப்பு. கூடை பாதிதான் நிறைந்தது, திட்டு வாங்கினேன், உறைக்கவில்லை.

மாலையில் அக்கா பூவோடு வந்தாள். மனசு கேட்கவில்லை. சாமியும் இல்லை ஒன்றும் இல்லை, குருவிக்குத்தான் கட்டினேன் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூவைக் கல்லின்மேல் வைத்தாள்.

"தெரியும் புள்ள. நானும் எட்டிப் பாத்தேன். றெக்க மொளைக்கிற வரைக்கும் சாமியாவே இருக்கட்டும். இப்ப பேசாம இரு, ஆள் வருது."

பார்த்தேன். கங்காணி, கையில் தேங்காய். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.