பெக்கி சிரித்த சிரிப்பு

டர்பன் மில் விடுதி,
பிப்ரவரி 1973

மாசித்தோலே, நீயும் நான் இன்னும் பார்க்காத மகளும் சுகந்தானே? எனக்கு ஒரு குறையுமில்லை.

கூலி உயர்வு கேட்டு மில்லில் வேலையை நிறுத்தியிருக்கிறோம். நேற்று வெள்ளைக்கார மேனேஜர், "உங்க தலைவன் எவன்டா? முன்னால வா!" என்று கத்தினான். போனால் பிடித்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம். நம்மூர் பெக்கி மட்டும் சிரித்துவிட்டான். அதற்காக, நகரத்தில் தங்கக் கறுப்பர்களுக்குத் தரும் பாஸை ரத்துசெய்து, அவனை ஊருக்கே துரத்துகிறார்கள். விடுதியே அவனுக்காகப் பரிதாபப்படுகிறது. எனக்கோ வயிறு எரிகிறது. "அண்ணிகிட்ட என்ன சொல்லணும் அண்ணே?" என்று இளிக்கிறான்.

இந்தக் கடிதத்தை அவன்தான் கொண்டுவருகிறான். வந்த விருந்தாளிக்கு வழக்கம்போலப் புளித்த பால் கொடு, ஆனால் என் குவளையில் வேண்டாம். அவன் கதைக்கெல்லாம் சிரிக்காதே. பிள்ளையைத் தூக்க விடாதே.

சங்கு ஊதிவிட்டது. இன்றும் உள்ளே போகமாட்டோம். மேனேஜர் மறுபடியும் கேட்பான். நானும் சிரித்துவிடலாமா என்று பார்க்கிறேன்.

உன் முசாவென்கோசி