அடுப்பின் முன் துவண்ட கால்கள்

பக்கத்து வீட்டில் மர ஆலையிலிருந்து வந்த படாக் மரத்துண்டுகளை எரிக்கிறார்கள். ஈரம் காயாத அந்தக் கட்டைகளின் புகை ஜன்னல் வழியே வந்ததும், திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை மூடிவிட்டேன். இதே புகைக்கு நடுவில்தான் நீ முதல்முறை விழுந்தாய்.

என்னை மணந்து நீ இந்தத் தீவுக்கு, சௌல்தாரிக்கு வந்தபின் இரண்டாம் கோடை அது. உலை கொதிக்கும்போது உன் வலது கண் மங்கும், கால் துவளும். வெளியே வந்து காற்றில் உட்கார்ந்தால் சற்று நேரத்தில் தெளிந்துவிடும். மழைக்காலத்திலோ கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாய். நம்மோடு இருந்த என் அக்காவுக்கு, உன்னைக் குத்திக்காட்ட அது போதும்.

"மழைன்னா மான் மாதிரி ஓடுறா. அடுப்பைக் கண்டாத்தான் காலு செத்துப்போகுது. இது என்ன நோவுடா தம்பி, அடுப்பு நோவா?"

கம்பவுண்டரும் சிரித்தார். "குச் நஹீ மாஸ்டர்ஜி, ஒண்ணுமில்ல, வீக்னெஸ். வெந்நீர் ஒத்தடம் குடுங்க." அக்கா விடாமல் கொடுத்தாள். ஒவ்வொரு ஒத்தடத்துக்கும் பிறகு நீ இன்னும் தளர்ந்தாய். அதையும் நடிப்பு என்றாள். "கப்பலேத்தி ஊருக்கு அனுப்பிரு."

கப்பலேறினோம், இருவருமாக. மதராஸில் ஒரு நரம்பு டாக்டர் உன்னை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துக் காலைத் தூக்கச் சொன்னார். முடியவில்லை. உடல் குளிர்ந்தபின் தூக்கினாய். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளைப் போர்த்திய உறை அங்கங்கே சிதைந்து தழும்பேறியிருக்கிறது, சூடு பட்டால் அந்த இடங்களில் மூளை அனுப்பும் செய்தி நின்றுபோகிறது என்றார். மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ். மருந்து என்ன என்று கேட்டேன். இதற்கு இன்னும் மருந்து இல்லை, சூடு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

நீ அழவில்லை. "அப்ப நான் நடிக்கலைல்ல? மதினிகிட்ட சொல்லிருங்க" என்றாய். உன் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

சொன்னேன். படம் வரைந்துகூடக் காட்டினேன். "டாக்டரும் ஆம்பளைதானே. கண்ணைக் கசக்கிக் காட்டியிருப்பா" என்றாள் அக்கா.

அதன்பின் நோய் மழைக்காலத்தையும் விட்டுவைக்கவில்லை. கை மரத்தது, சிறுநீரை அடக்க முடியாமல் போனது, பேச்சு குழறியது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேறினாய். முழுதாக ஒருமுறையும் தேறவில்லை. நான் படித்தவன். நோயின் பெயரை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நீ போன அன்று அக்கா மார்பில் அடித்துக்கொண்டு, "என் மகராசி, எந்திரிச்சு வாடி" என்று கதறினாள். கூடியிருந்தவர்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள்.

"நடிக்காதே அக்கா" என்றேன்.

அவள் நிஜமாகத்தான் அழுதாள் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். இருக்கலாம். நான் நம்பப்போவதில்லை.