'அல்லது' என்ற ஒரு சொல்

மார்ச் 4
அட்டைப்பெட்டி ஆர்டர்கள் குவிகின்றன, மெஷின் ஒன்றுதான். இரண்டாவது வாங்கியே ஆக வேண்டும். வங்கி கேட்கும் வட்டியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. புதுப் பங்குகள் வெளியிடலாம் என்றால் அண்ணன் முகம் சுருங்குகிறது. கம்பெனியில் எங்கள் குடும்பத்தின் பங்கு பாதிக்குக் கீழே போய்விடுமாம். நான் மூன்றாவது வழி கண்டுபிடித்திருக்கிறேன். எங்கள் பங்குகளை ஒரு நிதி நிறுவனத்தில் அடகு வைத்துக் கடன் வாங்குவது. பங்குச் சந்தை ஏறுமுகம், பத்தே நாளில் பணம்.

"அவசரக்குடுக்கை" என்றார் அண்ணன். ஆனால் சரி என்றும் சொல்லிவிட்டார்.

மார்ச் 9
அடகு ஒப்பந்தம் இரண்டு நாளாகக் கம்பெனிச் செயலாளர் மேஜையிலேயே கிடக்கிறது. ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிற பெண்மணி. முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவருக்கு வைத்த பெயரே கமாதான்.

மார்ச் 11
கமா வந்தார். இருபத்தேழாம் பக்கத்தில் ஒரே ஒரு சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். அல்லது.

"தவணை தவறினாதான் பங்கை விப்பாங்கன்னு நெனச்சீங்க இல்ல மேடம்? இங்க பாருங்க. 'தவணை தவறினால் அல்லது பங்கு விலை மூன்றில் ஒரு பங்கு சரிந்தால்'னு போட்டிருக்கு. ஒழுங்கா கட்டிட்டு வந்தாலும் விப்பாங்க."

"விலை எதுக்கு சரியப் போகுது?"

"வெளிநாட்டுப் பணம்தான் நம்ம சந்தையத் தூக்கி வச்சிருக்கு. அவங்க எடுத்துட்டுப் போறப்ப நம்ம பெட்டி நல்லா இருக்கான்னா பாக்கப் போறாங்க?"

கத்திவிட்டேன். எழுத்துப்பிழை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னேன்.

"அதத்தான் மேடம் பாத்தேன்" என்று போய்விட்டார்.

மார்ச் 12
அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தவள் நான். மூன்று முறையும் எனக்கு வேண்டியதைத்தான் படித்திருக்கிறேன். எனக்கா இந்தப் புத்தி?

மார்ச் 20
புதுப் பங்குகளே வெளியிடுவோம் என்றேன்.

"அறுபத்திரண்டு சதவீதம் நாப்பத்தாறா ஆயிடும், தெரியுமில்ல?"

"தெரியும்ணா."

அண்ணன் சுவரில் இருந்த அப்பா படத்தைப் பார்த்தார். பிறகு, "அப்பா இருந்திருந்தா அடிச்சிருப்பாரு. உன்னை இல்ல, என்னை" என்றார். சிரித்துவிட்டோம்.

ஜூன் 2
புதுப் பங்குகள் எல்லாம் விற்றாயிற்று. மெஷின் வருகிறது!

செப்டம்பர் 15
ஒன்பது நாளாகச் சந்தை சரிகிறது. வெளிநாட்டுப் பணம் மூட்டை கட்டிவிட்டது. எங்கள் பங்கு விலை பாதிக்குப் பாதி. நம்பி வாங்கியவர்களை நினைத்தால் உறுத்துகிறது.

நூல் மில்காரர் போன் செய்தார். நாங்கள் போகவிருந்த அதே நிதி நிறுவனத்தில் தன் மில் பங்குகளை அடகு வைத்திருந்தவர். "ஒரு தவணை விடலைம்மா. நேத்து காலைல வித்துட்டாங்க. மில்லு இப்ப யாருதுன்னே தெரியல."

அது நான் பேசியிருக்க வேண்டிய பேச்சு. பாத்ரூமில் போய் அழுதேன். பாதி அவருக்காக, பாதி தப்பித்த நன்றியில்.

செப்டம்பர் 18
செயலாளருக்கு நன்றிக் கடிதம் எழுதினேன், யாரிடமும் கொடுக்காமல் நானே டைப் அடித்து. எங்கள் தொழிற்சாலை எங்களிடம் இருப்பது உங்களால்தான் என்று மனதில் இருந்ததை அப்படியே எழுதி அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் திரும்பி வந்தது. முதல் வரியில் பென்சிலால் ஒரு கமா சேர்த்திருந்தார்.

'அன்புள்ள கமா' என்று அடித்திருக்கிறேன்!

அவர் அறைக்கு ஓடினேன். "ஐயோ, மன்னிச்சுடுங்க..."

"ஆறு வருஷமா தெரியும் மேடம்" என்றார், ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல். "முற்றுப்புள்ளின்னு பேர் வைக்காம விட்டீங்களே, அதுவே சந்தோஷம்."

கீழே இரண்டு மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன.