உறையில் எட்டு, தட்டில் ஏழு

ஜனவரி 11, ஞாயிறு

பாலித் தீவில் நிலம் நடுங்கி வீடுகள் விழுந்த வருடம். நம் நாட்டுச் செயற்கைக்கோள் முதல் தடவையாக வானத்துக்குப் போன வருடம். எங்கள் ஊர் மலாங்கில், வீட்டில் டிவி இல்லாதவன்கூட ஓட்டின்மேல் ஏறி அண்ணாந்து பார்த்தான். எழுபத்தாறு. அந்த வருடம்தான் நான் ஒரு பாட்டைக் கொன்றேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. இந்தப் போனிடம் சொல்கிறேன். மகள் சுலிஸ் ஒரு பொத்தானைக் காட்டிக்கொடுத்தாள். பேசினால் எழுதிக்கொள்கிறது, தொட்டால் திருப்பி வாசிக்கிறது. ஓர் எழுத்தும் தெரியாத எனக்கு ஏற்ற நோட்டுப்புத்தகம். அவளுக்கு வேறு காரணம். "கடைக்கு வர்றவங்க காதை விட்டுடுங்கப்பா. நீங்க கதை சொல்லி முடிக்கறதுக்குள்ள சூப்பு ஆறிப்போவுது."

அவள் மாட்டிறைச்சி சூப்புக் கடை நடத்துகிறாள். நான் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களின் காதைத் தின்கிறேன்.

ஜனவரி 15, வியாழன்

பல் பிடுங்கப் போனேன். பிடுங்கியவர் ஹெண்டார்தோ. பல் வைத்தியம் அவருக்கு இரண்டாம் தொழில். முதல் தொழில் 'வாட்டு கெனி' ரசிகர் மன்றத் தலைவர். வெள்ளைக் கோட்டுக்குள் கறுப்புச் சட்டை, அதில் குழுவின் படம்.

வாட்டு கெனி எங்கள் ஊர் ராக் குழு. நான் அவர்களுக்குப் பெட்டி தூக்கினேன். ஸ்பீக்கர், டிரம், ஆர்கன் எல்லாம் என் தோள்மேல்தான் ஊர் ஊராகப் போயின. அவர்கள் வெளியிட்டது ஒரே ஒரு ஆல்பம், 'ஹுஜான் அபு' – சாம்பல் மழை. உறையில் எட்டுப் பாட்டின் பெயர் அச்சாகியிருக்கும். தட்டில் ஏழுதான் இருக்கும். அந்த எட்டாவதை ஐம்பது வருடமாகத் தேடுகிறார்கள். ராணுவம் தடை செய்தது என்பான் ஒருவன். கிதார்க்காரர் லியாட் எரித்துவிட்டார் என்பான் இன்னொருவன். இப்போது ஐம்பதாம் ஆண்டு என்று ஜகார்த்தாக் கம்பெனி மறுபடி வெளியிடப் போகிறது.

என் வாய்க்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு, 'பாக்' – ஐயா – என்று மரியாதை வேறு போட்டு ஹெண்டார்தோ சொன்னார்: "பாக் காசிரான், கெடைச்சிருச்சு! பதிவு பண்ண சிப்தோவோட மக வீட்ல, பழைய ஆர்கன் வயித்துக்குள்ள. அந்த எட்டாவது பாட்டு டேப்பு!"

நான் கத்தினேன். அவர் ஊசி பற்றவில்லை என்று நினைத்து இன்னொன்று போட்டார்.

ஜனவரி 19, திங்கள்

கஞ்சிகூட இறங்கவில்லை. பல்லால் அல்ல.

பிப்ரவரி 2, திங்கள்

சொல்லிவிடுகிறேன். இது யார் காதும் இல்லையே.

சிப்தோவின் பதிவு அறையில் பாட்டுப் பதிந்த டேப்புச் சுருள்கள் பெட்டி பெட்டியாக அடுக்கில் இருக்கும். பெட்டிமேல் சிப்தோ என்னவோ எழுதுவார். எனக்கு அதெல்லாம் எறும்பு வரிசை. படிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கம். அதனால் எனக்கென்று ஒரு வழி வைத்திருந்தேன்: பாட்டு ஏறிய பெட்டிக்கு ரஃபியா நூல் கட்டிவிடுவேன். நூல் இல்லையென்றால் காலி. நான்கு மாதம் ஒரு பிசகும் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ரேடியோவில் லுட்ருக், நம் ஊர்க் கோமாளி நாடகம். எல்லோரும் சாப்பிடப் போன பிறகு ரேடியோவுக்கு முன்னால் மைக்கை வைத்து, நூல் இல்லாத பெட்டியை எடுத்து அதைப் பதிவு செய்துகொள்வேன். அடுத்த வாரம் அதன்மேலேயே அடுத்தது.

அந்தச் சனிக்கிழமையும் நூல் இல்லாத பெட்டியைத்தான் எடுத்தேன். திங்கட்கிழமை சிப்தோ அலறுகிறார்: "எட்டாவது எங்கடா? மேல காபிக் கறை இருக்குமே, அந்தப் பெட்டி எங்கடா?"

காபிக் கறை. என் கையில் இருந்தது அதுதான். நூல் கட்ட மறந்திருக்கிறேன் – வேறென்ன? உடைந்து கிடந்த ஆர்கனுக்குள் தள்ளிவிட்டேன். ஜகார்த்தாவில் உறை அச்சாகிவிட்டது, காத்திருக்க மாட்டோம் என்று ஏழோடு போட்டுவிட்டார்கள்.

பாடகர் கத்தோட்தான் திருடினார் என்று லியாட். லியாட்தான் திருடினார் என்று கத்தோட். மறு வருடம் குழு உடைந்தது. பதினாலு வருடம் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. நான் நடுவில் உட்கார்ந்து இருவருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன்.

இதில் பெரிய பாவம் நெட்டி அக்காவுக்குச் செய்தது. அம்போன் தீவுக்காரர், குழுவில் ஆர்கன் வாசித்தவர். 'சுஸ் நெட்டி' என்றுதான் கூப்பிடுவேன். எட்டாவது பாட்டு 'லுருங் புந்து' – முட்டுச்சந்து – அவர் எழுதி, அவரே பாடியது. அவர் வாழ்நாளில் பாடிய ஒரே பாட்டு. ரசிகர்களுக்கு இது தெரியாது, கத்தோட் பாடியது என்றே நினைக்கிறார்கள். யாராவது கேட்டால், அன்றைக்குத் தான் ஊரிலேயே இல்லை என்று சுஸ் சொல்லிவிடுவார். மனம் உடைந்ததால் அப்படிச் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். வேறு எப்படி நினைப்பது?

பிப்ரவரி 9, திங்கள்

ஒரு யோசனை. பாட்டு மோசம் என்று பரப்பிவிட்டால், டேப்பில் என்ன இருந்தாலும் யாருக்கும் வருத்தம் இருக்காது.

இன்று கடைக்கு வந்த மன்றத்துக்காரர் நாலு பேரிடம் சொன்னேன்: "நான் கேட்டிருக்கேனே. ரொம்ப சுமாரான பாட்டு."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "பாத்தியா. அம்பது வருஷமா அந்த ரகசியத்தைக் காப்பாத்துறாரு."

பிப்ரவரி 13, வெள்ளி

டேப்பை ஜகார்த்தாவில் அடுப்பில் வைத்துச் சுடுகிறார்களாம்! அப்போதுதான் பழைய டேப்பு ஓடுமாம். "ரொட்டியா?" என்றேன். ஹெண்டார்தோ சிரிக்கவில்லை. கருகிப்போகட்டும் என்று இரண்டு ரக்அத் அதிகமாகத் தொழுதேன்.

பிப்ரவரி 16, திங்கள்

கருகவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

பயமுறுத்திப் பார்ப்போம் என்று சொன்னேன்: "அந்தப் பாட்டு ஆகாதுப்பா. அன்னிக்கு அதைக் கேட்ட பூனை ஒண்ணு அங்கேயே செத்துப்போச்சு."

பிப்ரவரி 26, வியாழன்

பூனைப் படம் போட்ட சட்டை விற்கிறார்கள். ஏப்ரலில் நம் ஊரிலேயே முதல்முதலாக எல்லோருக்கும் போட்டுக் காட்டப் போகிறார்களாம். அதுவரை கம்பெனிக்காரர்கள்கூடக் கேட்க மாட்டார்களாம். முந்நூறு நாற்காலியும் ஒரே காலையில் போய்விட்டது. சுரபயாவிலிருந்து ஒரு பஸ் நிறைய வருகிறார்கள்.

நோன்பு திறக்க வந்தவர்களிடையே சண்டை வேறு. பழைய உறையில் கத்தோட் மூக்கு பச்சையாக அச்சாகியிருக்கும், மை பிசகு. அதைத் திருத்தக் கூடாது என்கிறது ஒரு கட்சி. "அந்த மூக்கைப் பார்த்துத்தான்யா நான் வளந்தேன்!" தாடிக்காரன் ஒருவனுக்கு மூன்றாவது பாட்டு ஊசி தாவித்தான் வேண்டுமாம். "என் தட்டு அந்த இடத்துல தாவும் பாக். நாப்பது வருஷமா தாவியே பாடுறேன். இப்ப தாவாம வந்தா எனக்கு மூச்சு முட்டும்."

இவர்கள் முன்னால் போய் எட்டாவது பாட்டுக்குப் பதில் கோமாளி வரப்போகிறான். கூடவே – இதை எப்படிச் சொல்வேன் – மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துச் சிரித்த நானும்.

மார்ச் 23, திங்கள்

லெபரான் – நோன்புப் பெருநாள் – வாரம். ஒவ்வொரு லெபரானுக்கும் சுஸ் நெட்டி வீட்டுக்குப் போவேன். அவர் கிறிஸ்தவர், ஆனாலும் கதவைத் திறந்து வைத்திருப்பார். கையைப் பிடித்து, உள்ளும் புறமும் செய்த தப்பையெல்லாம் மன்னியுங்கள் என்பேன். மன்னித்தேன் என்பார். ஐம்பது வருடம் மொத்தமாகவே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். சில்லறையாக ஒரு தடவையும் சொன்னதில்லை.

இன்று சொன்னேன். கையை விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். "நான் நூல் கட்ட மறந்துட்டேன் சுஸ். உங்க பாட்டு மேல லுட்ருக்கை ஏத்திட்டேன்."

அவர் அன்னாசி பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "நீ மறக்கலை ரான். நூலை அவுத்தது நான்."

"என்னது?"

"சனிக்கிழமை சாயங்காலம் நூல் இல்லாத பெட்டியைத் தேடுவியே, எனக்குத் தெரியாதா? முடிச்சை அவுத்து முன்னாடி வெச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு உங்களுக்கு –"

"பெட்டியைத் தலைகீழா அடுக்குறவனைப் பாத்தா தெரியாதா? பிஸ்கட் எடு."

ஏன் சுஸ், ஏன்? கேட்டேன். ஆடு கத்துகிற மாதிரிப் பாடியிருந்தாராம். கத்தோட் அவர்மேல் ஆசைப்பட்டுக்கொண்டிருந்ததால் அற்புதம் அற்புதம் என்று சொல்லி, வேண்டாம் என்று அவர் அழுதும் கேளாமல் ஆல்பத்தில் சேர்த்துவிட்டாராம்.

"இப்ப பாரு. மத்த ஏழு பாட்டையும் அம்பது வருஷமா நோண்டுறாங்க. டிரம் பிந்துது, கிதார் இழுக்குதுன்னு. என் பாட்டுல ஒரு குத்தம் சொல்லச் சொல்லு பாப்போம்! கேக்காத பாட்டுய்யா அது. அதைவிட நல்ல பாட்டு உலகத்துல இல்லை."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "கத்தோட்டும் லியாட்டும் பதினாலு வருஷம் பேசலை. நான் தூங்காம கெடந்தேன். நீங்க இங்க பிஸ்கட் சுட்டுக்கிட்டு இருந்தீங்க!"

"லியாட் சாகக் கெடந்தப்போ அவன்கிட்ட சொல்லிட்டேன்" என்றார். "சிரிச்சான். இருமல் வர்ற வரைக்கும் சிரிச்சான். கத்தோட்கிட்டதான் சொல்ல முடியலை. முந்திட்டான்."

கிளம்பும்போது வாசலில் நிறுத்தி சத்தியம் வாங்கினார்: நூலை அவிழ்த்தது யார் என்று வெளியே மூச்சு விடக் கூடாது. பழி என் தலையிலேயே இருக்கட்டுமாம். பழகிய தலையாம்.

சத்தியம் செய்தேன். லெபரான் ஆயிற்றே.

மார்ச் 24, செவ்வாய்

ஐம்பது வருடம்! பிஸ்கட்டாம்!

ஏப்ரல் 18, சனி

முந்நூறு பேர். பாதிப் பேர் மேல் பூனை. சுஸ் வரவில்லை, முழங்கால் வலியாம். ஜகார்த்தாவிலிருந்து வந்த கம்பெனிப் பெண் மேடையில் ஒரு பொத்தானைத் தொட்டாள். முதல் வரிசையில் ஹெண்டார்தோ கண்ணை மூடிக்கொண்டார்.

கரகரப்பு. பிறகு கோமாளி குரல்: "முதலாளி, ராத்திரி நம்ம வீட்டுக்குத் திருடன் வந்தான்!" – "ஐயையோ, என்ன எடுத்தான்?" – "தேடித் தேடிப் பாத்தான், ஒண்ணும் கெடைக்கலை. அழுதுகிட்டே கெளம்பினான். பாவமேன்னு நான்தான் காபி போட்டுக் குடுத்தேன்."

வேர்க்கடலை உடைகிற சத்தம். அப்புறம் ஒரு சிரிப்பு – மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, கதவுக் கீல் கிறீச்சிடுகிற மாதிரி.

மலாங்கில் எங்கள் கடையில் சூப்புக் குடித்த ஒவ்வொரு தலையும் திரும்பியது. அந்தச் சிரிப்பு எனக்கு மட்டும்தான் உண்டு.

பின்னாலிருந்து சுலிஸ்: "அப்பா!"

எழுந்தேன். "படிக்கத் தெரியாது. காலி டேப்புன்னு நெனச்சு எடுத்துட்டேன். அம்பது வருஷமா மறைச்சிட்டேன். பூனையும் பொய்." அவ்வளவுதான் சொன்னேன். நூலைப் பற்றி மூச்சு விடவில்லை.

இரண்டு பேர் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார்கள். சரி, இனி கடைக்கு ஒருவனும் வரமாட்டான், சுலிஸ் பிழைப்பும் போச்சு என்று நினைத்தேன். அப்போது தாடிக்காரன் கேட்டான்: "அந்தத் திருடன் காபி குடிச்சானா இல்லையா? மீதியைப் போடுங்கம்மா!"

போட்டார்கள். முந்நூறு பேரும் கோமாளிக்குச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், டேப்பிலும் வெளியிலுமாக. ஹெண்டார்தோ மட்டும் சிரிக்கவில்லை. கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 20, திங்கள்

கடையில் கூட்டம். சிரித்துக் காட்டச் சொல்கிறார்கள். சுலிஸ் சூப்போடு சேர்த்து விற்கலாமா என்று யோசிக்கிறாள்.

மே 14, வியாழன்

ஆல்பம் வந்துவிட்டது. மூக்கு பச்சை. மூன்றாவது பாட்டு தாவவில்லை. தாடிக்காரன் கம்பெனிக்குக் கடிதம் எழுதியிருக்கிறான். எட்டாவதாகக் கோமாளியையே போட்டுவிட்டார்கள், என் பெயரும் அச்சாகியிருக்கிறதாம். அதிலும் இரண்டு கட்சி. சிரிப்பைத் துடைத்துவிட்டுத் தனியாக விடு என்று ஒன்று. கோமாளியைத் துடைத்துவிட்டுச் சிரிப்பை விடு என்று ஒன்று.

சாயங்காலம் ஹெண்டார்தோ தனியாக வந்தார். சூப்பை வாங்கி வைத்துக்கொண்டு தொடவில்லை. பிரிக்காத ஆல்பம் மடியில் இருந்தது.

"பதினெட்டு வயசுல இந்த உறையை வாங்கினேன் பாக். எட்டுன்னு போட்டிருந்துது. ஏழுதான் இருந்துது. அன்னிலேர்ந்து எது கெடைச்சாலும் இன்னொண்ணு பாக்கி இருக்குன்னே தோணும். கோவம் இல்லை. ஆனா அந்தப் பாட்டைக் கேட்டவங்க ஒருத்தர்கூடவா இல்லை? எப்படி இருந்துதுன்னு சொல்ல ஒரு ஆள்?"

செத்தவர்களை விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். கத்தோட் தொண்ணூற்றெட்டில், ஊரெல்லாம் கலவரமாக இருந்த மாதம். டிரம் அடித்த சோலே மோட்டார்சைக்கிளில் பாத்து மலை இறக்கத்தில். லியாட் சுரபயா ஆஸ்பத்திரியில், இருமலோடு. சிப்தோ கொரோனாவில். நான் முதல் வரி வரைக்கும் இருந்தேன், பிறகு வயர் சுற்றப் போய்விட்டேன்.

அவர் தலையாட்டி எழுந்தார். தோள் இரண்டும் தொங்கிவிட்டன.

நான் செய்த சத்தியம் நூலுக்கு மட்டும்தான். வேறு எதற்கும் யாரும் என்னிடம் சத்தியம் வாங்கவில்லை.

"உக்காருங்க" என்றேன். "பாடினது கத்தோட் இல்லை. பாடினவங்க இருக்காங்க. தேவாலயத்துக்குப் பின்னாடி, நீலக் கேட்டு வீடு. நாலு மணிக்கு முன்னால போகாதீங்க, தூங்குவாங்க. மன்றத்துல எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க. தொண்டை சரியில்லைம்பாங்க, ஊர்லயே இல்லைம்பாங்க, நம்பாதீங்க. முதல் வரியை நான் சொல்லித்தர்றேன். வாசல்ல நின்னு அதைத் தப்பாப் பாடுங்க. தாங்க மாட்டாங்க. வெளிய வந்து திருத்துவாங்க. அப்புறம் நிறுத்த மாட்டாங்க."

அவர் ஆல்பத்தைக் கீழே போட்டுவிட்டார். "யாரு பாக்? யாரு இன்னும் இருக்கா?"

"நெட்டி" என்றேன்.